சேவலுக்குத் தராசு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹட்டன் பஸ் நிலையத்தில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சனத்தை இறக்குகின்றன. குடைகள், பிள்ளைகள், சாமான் பைகள். அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மாவின் கையில் உரப்பை ஒன்று இருக்கிறது. பையின் மூலையில் வெட்டிவிட்ட ஓட்டை வழியாகச் சிவப்புக் கொண்டை ஒன்று தலையை நீட்டி டவுனை வேடிக்கை பார்க்கிறது. சந்தைக்குப் போகும் படியில் கால் வைக்கும் முன்பே ஒருவர் வழிமறித்துப் பையை அவிழ்க்கச் சொல்கிறார். சேவலின் இரண்டு இறக்கைகளையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துத் தூக்குகிறார். மறுகை விரலால் நெஞ்செலும்பைத் தடவுகிறார், காலில் முள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார், இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறார். ஒன்றரைக் கிலோதான் தேறும் என்கிறார். நிறுவை முடிந்துவிட்டது.

இரண்டு கிலோவுக்குக் குறையாது என்று அம்மாவுக்குத் தெரியும். ஆறேழு மாதம் தீனி போட்ட கை அது. ஆனால் அதை எங்கே வைத்துக் காட்டுவது? திருப்பிக் கொண்டுபோனால் பஸ் காசும் நட்டம், ஞாயிறும் நட்டம். மரக்கறி வாங்க வேண்டும், பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டும். கொடுத்துவிட்டுப் போகிறார்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கொழும்பில் இன்னொரு வியாபாரம் தொடங்கும். 1883 ஜூலை 30ஆம் திகதி சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் ஆரம்பித்த தேயிலை ஏலம் அது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது இணையத்துக்கு மாறியது. எந்தத் தோட்டம், என்ன தரம், எத்தனை கிலோ, யார் கேட்டார்கள், என்ன விலைக்குப் போனது என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். அதே அம்மா கிள்ளிய கொழுந்துக்கு நூற்றி நாற்பது வருடத்துக்கும் மேலாக ஏலம் உண்டு. அவர் வளர்த்த சேவலுக்கு இல்லை.

மலைநாட்டில் கொழுந்துக்குத் தராசு இருக்கிறது. பாலைச் சேகரிப்பு நிலையத்தில் அளந்து, கொழுப்புப் பார்த்து வாங்குகிறார்கள். கரட்டும் லீக்ஸும் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்தில் கிலோக் கணக்கில் கைமாறுகின்றன. லயத்துச் சேவல் மட்டும் இன்னமும் கைமதிப்பில் போகிறது.

ஏன் சேவல்?

ஊர்க்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஒரு பெட்டை ஒரு தடவை பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு. பொரித்ததில் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு சேவல் தலையெடுத்தால் சண்டை. மூன்றாவதற்கு வீட்டில் வேலையே இல்லை. பெட்டை முட்டைக்கு நிற்கும், உபரிச் சேவல் விற்பனைக்குப் போகும்.

எப்போது போகும் என்பதுதான் விஷயம். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி, அட்வான்ஸ் 25ஆம் திகதி. இவற்றுக்கு இடையில் வருகிற காய்ச்சல், பாடசாலைக் காசு, மரணவீட்டுச் செலவு எதுவும் திகதி பார்த்து வருவதில்லை. அரைநாள் சம்பளமாகிய அரைப்பேர் விழுந்த மாதமென்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் கடன் கேட்காமல் கைக்குக் காசு வரக்கூடிய வழி கூட்டுக்குள் நிற்கிறது. அவசரத்தில் விற்கிறவருக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. லயத்தில் கோழி என்றால் அது பெரும்பாலும் பெண்ணின் சொத்து. நாள்வேலைப் பேருக்கு வரும் சம்பளம் கடைக் கடனுக்கும் சந்தாவுக்கும் பிடிப்புக்கும் போய்ச் சேர்ந்தபின்தான் வீட்டுக்கு வரும். சேவல் விற்ற காசு நேரே அவள் கையில் விழும். அதில் இருநூறு கிராமைக் கைமதிப்பில் விழுங்குவது அவள் பிள்ளையின் கொப்பிக் காசை விழுங்குவதுதான்.

———
பெட்டிச் செய்தி: ஆறு வாரமும் ஆறு மாதமும்

பண்ணையில் வளரும் பிராய்லர் ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். முற்றத்தில் மேயும் ஊர்ச்சேவலுக்கு அதே எடை வர ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். ஊர்ப்பெட்டை வருடத்துக்கு இடுவது ஏறத்தாழ 40 முதல் 60 முட்டை. பண்ணைக்கோழி 300ஐ நெருங்கும். ஊர்க்கோழி இறைச்சிக்கு விலை கூட இருப்பதன் காரணம் ருசி மட்டுமில்லை, காலமும்தான். 2 கிலோச் சேவலைக் கைமதிப்பில் 1.8 என்று எடுத்தால் வளர்த்தவருக்குப் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஒன்றரை என்று எடுத்தால் நாலில் ஒரு பங்கு.
———

லயத்துக் கோடியில் ஒரு கூடு

சேவல் எங்கே வளர்கிறது என்று பார்த்தால்தான் அதன் விலை புரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதற்கப்பால் கான், அதற்கப்பால் தேயிலை. வீட்டுக்கு ஒட்டிய நிலம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வெள்ளைக்காரத் துரை காலத்திலும் இல்லை, 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தபோதும் இல்லை, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்குக் கூடு வைக்கும் இடம் என்பது லயத்துக் கோடியில் நாலு பலகையும் பழைய தகரமும். பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியில் கோழி கால் வைத்தால் அன்றைக்குச் சண்டை.

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே. அடைமழை மாதங்களில் குஞ்சுகள் குளிரில் விறைத்துச் சாகும். கூட்டுக்கு அடியில் கரிச்சட்டி வைப்பவர்கள் உண்டு. மிஞ்சினதைப் பருந்து பார்க்கும், கீரி பார்க்கும், இரவில் மரநாய் பார்க்கும். சிறுத்தை நாயைத் தூக்கும் தோட்டங்களில் கோழியைப் பற்றி யார் பேசுவது? இத்தனையும் தப்பிய சேவல்தான் ஞாயிற்றுக்கிழமை உரப்பைக்குள் வருகிறது. அந்த விடாப்பிடியை அதன் பரம்பரையிலேயே காணலாம். உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை ஆசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. இலங்கைக்கென்று தனியாக ஒரு காட்டுக்கோழி இனமும் உண்டு. நாட்டின் தேசியப் பறவை அதுதான். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனால் பாதையோரத்தில் பார்க்கலாம்.

வாசலுக்கு வரும் விலை

டவுனுக்கு வராத சேவல்களும் உண்டு. அவற்றைத் தேடி வியாபாரி தோட்டத்துக்கு வருவார், மோட்டார் சைக்கிளின் பின்னால் கூடை கட்டிக்கொண்டு. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒரே லயத்துக்கு இரண்டு மூன்று பேர் வருவார்கள். மற்றக் காலத்தில் ஒருவர் வந்தால் பெரிய காரியம்.

அவரையும் முழுக்கத் திட்டிவிட முடியாது. நாலு தோட்டம் சுற்றிப் பத்துச் சேவல் சேர்க்க வேண்டும். பெற்றோல் காசு அவருடையது. வழியில் ஒன்று செத்தால் நட்டம் அவருடையது. போயா நாளில் இறைச்சி விற்க முடியாது, வெசாக் என்றால் ஒரேயடியாகச் சில நாள் போகும். புரட்டாசியில் பாதிச் சனம் கவிச்சி தொடாது. அந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைக்கிறார். அது வியாபாரம். நான் குற்றம் சொல்வது அவருடைய இலாபத்தையல்ல, எடை தெரியாத இடத்தில் அவர் ஒருவரே நிறுப்பவராகவும் வாங்குபவராகவும் இருப்பதை.

தோட்டத்துச் சனத்துக்கு இது புது நோவுமில்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு என்றும் தண்ணீருக்கு என்றும் கிலோக் கழிப்பதைப் பற்றி எத்தனை தலைமுறையாகப் பேசியாயிற்று! அங்கே சண்டை பிடிக்கத் தொழிற்சங்கம் இருக்கிறது. நாட்சம்பளத்தைப் பற்றிச் சம்பள நிர்ணய சபை பேசுகிறது, நீதிமன்றம் பேசுகிறது, மே தின மேடையில் ஜனாதிபதி பேசுகிறார். 2024இல் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசு தரும் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ஆக்குவதாக அறிவித்தார்கள். ஒரு ரூபா கூடக் குறைய நாடே விவாதிக்கிறது. சேவல் விலையில் நூறு ரூபா குறைந்தால் இஸ்தோப்பில் நிற்கும் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

சாமி முன்னால் ஒரு ஏலம்

ஆனால் தோட்டத்துக்கு ஏலம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. திருவிழா முடிகிற நாளில் மாரியம்மன் கோயில் வாசலில் போய் நில்லுங்கள். தேசிக்காய், தேங்காய், சேலை, மாம்பழம் எல்லாம் ஏலத்துக்கு வரும். நேர்ந்துவிட்ட சேவலும் வரும், கால் கட்டோடு, கழுத்தில் ஒரு முழம் பூவோடு. ஒருதரம், இரண்டுதரம் என்று கூவுகிறவர் இழுக்கும் இழுப்பிலேயே விலை ஏறும். கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு வந்த பொடியன்கள் ஒரு பக்கம், டவுன் முதலாளி ஒரு பக்கம், மேல்கணக்குக்காரர்கள் ஒரு பக்கம். சந்தையில் எவரும் கொடுக்காத விலைக்கு அந்தச் சேவல் போகும். கையில் காசில்லையென்றால் பல இடங்களில் கோயில் கொப்பியில் பெயர் எழுதி அடுத்த சம்பளத்தில் கட்டலாம்.

அந்தக் காசு கோயிலுக்கு. வளர்த்த வீட்டுக்கு அதில் பங்கில்லை, கேட்பதுமில்லை, அது நேர்த்தி. எனக்குப் பட்டது வேறு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஒரு சேவலின் விலையை முழுத் தோட்டமும் காதால் கேட்கிறது.

சேவலுக்கும் மலைநாட்டுச் சாமிகளுக்கும் உள்ள உறவு பழையது. கவ்வாத்துக் கத்தி மலையில் ஏறும் முன் கவ்வாத்துச் சாமிக்கு, தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோரில் ரோதை சுழலும் இடத்தில் ரோதை முனிக்கு, காட்டு ஓரத்தில் முனியாண்டிக்கு, மாடசாமிக்கு. கருஞ்சேவலுக்கு ஒரு காலத்தில் தனி விலை இருந்ததே இதனால்தான். இப்போது அறுப்பதை விட்டு உயிரோடு காணிக்கை வைக்கும் கோயில்கள் கூடி வருகின்றன. வெளியிலிருந்து வந்த நெருக்குதலும் இதில் உண்டு. 2011இல் முன்னேஸ்வரம் காளி கோயிலுக்குக் கொண்டுவந்த ஆடு கோழிகளை அப்போதைய அமைச்சர் மேர்வின் சில்வா ஏற்றிக்கொண்டு போனது பெரிய செய்தியாக இருந்தது. 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன், கவுணாவத்தை நரசிம்ம வைரவர் கோயில் வழக்கில், யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மிருக பலிக்குத் தடை விதித்தார். அடுத்த வருடம் அமைச்சர் டி. எம். சுவாமிநாதன் கொண்டுவந்த யோசனையின் பேரில் இந்துக் கோயில்களில் பலியைத் தடுக்கும் சட்டத்தை வரைய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வழக்குப் போட்டவர்களில் சைவ அமைப்புகளும் இருந்தன என்பதால் இதை வெறும் இனப் பிரச்சினையாகச் சுருக்கிவிட முடியாது. வெட்டுகிற சாமியின் சேவல் குறைந்து ஏலம் போகிற சாமியின் சேவல் கூடினால், கோயில் நிதிக்கு நல்லதுதான்.

———
பெட்டிச் செய்தி: நூறு ரூபா அபராதம்

கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு மைல் கணக்கில் சேவலைக் கொண்டுபோவது மலைநாட்டுப் பாதைகளில் அன்றாடக் காட்சி. மிருக வதையைத் தடுக்க இலங்கையில் உள்ள சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் உள்ள ஆகக்கூடிய அபராதம் 100 ரூபா. சட்டம் எழுதிய காலத்தில் அது பெரிய காசு. இன்று டவுனில் ஒரு பிளேன்டீயும் வடையும். இதை மாற்ற 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்கு நலச் சட்டமூலம் அரசாங்கம் மாறி அரசாங்கம் வந்தும் பல வருடங்கள் இழுபட்டது. மாட்டைக் கொண்டுபோகப் பத்திரம் வேண்டும் என்று 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. கோழிக்கு ஒரு கூடையாவது வேண்டும் என்று சொல்ல ஆளில்லை.
———

அய்யலூரில் வியாழக்கிழமை

நம் முன்னோர்களில் பலர் எந்தப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தார்களோ அந்தப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூரில், வியாழக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். ஆட்டுக்குச் சமமாக அங்கே நாட்டுக்கோழிக்கும் சேவலுக்கும் பேர். கறிக்கு ஒரு விலை, வளர்ப்புக்கு ஒரு விலை, சண்டைக்கு விடும் கட்டுச் சேவலுக்கு இன்னொரு விலை. கீரி, மயில், காகம், செவலை என்று நிறம் சொல்லித்தான் பேச்சே ஆரம்பிக்கும். தீபாவளி, பொங்கலுக்கு முந்திய வியாழன்களில் எத்தனை இலட்சம், எத்தனை கோடி என்று மறுநாள் பத்திரிகையில் வரும்.

அய்யலூரிலும் எல்லாம் தராசில் போவதில்லை. கைமதிப்பு உண்டு, தரகு உண்டு, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் பழக்கம் தமிழ்நாட்டு ஆட்டு, மாட்டுச் சந்தைகளில் இன்னும் போய்விடவில்லை. வித்தியாசம் எங்கே என்றால், ஒரு சேவலுக்கு முன்னால் நாலு வியாபாரி நிற்கிறார்கள். முதல் ஆள் ஒன்றரைக் கிலோ என்று சொன்னால் இரண்டாவது ஆள் ஒன்றே முக்கால் என்பார். விற்க வந்தவர் பேசாமல் நின்றாலே விலை ஏறுகிறது. ஹட்டனில் அந்த இரண்டாவது ஆள்தான் இல்லை.

வெள்ளைக்கார நாடுகளின் கிராமத்து ஏலங்களில் கூண்டில் எண் ஒட்டி, வரிசையில் வைத்து, மைக்கில் கூவி விற்கிறார்கள். அங்கே ஒரு வேடிக்கை: பெட்டைக்கு நல்ல விலை, சேவல் அடிமாட்டு விலைக்குப் போகும். எல்லார் வீட்டிலும் உபரிச் சேவல் இருக்கிறது, அதிகாலைக் கூவலைச் சகிக்க யாரும் தயாரில்லை, முற்றிய கறியை நேரமெடுத்துக் காய்ச்சும் பொறுமையும் இல்லை. நம் பக்கம் நிலைமை நேரெதிர். ஊர்ச்சேவல் குழம்புக்கும் சாமிக்கும் ஆள் காத்திருக்கிறது. கேட்பாரற்ற சரக்கையே அவர்கள் ஒழுங்காக ஏலம் விடுகிறார்கள். அடிபட்டு வாங்கும் சரக்கை நாம் பஸ் நிலையத்தில் கைவிடுகிறோம்.

2022 சொன்னது

பொருளாதார நெருக்கடிக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்தார்கள், தீனிக்கான சோள விளைச்சல் விழுந்தது. டொலர் இல்லாமல் தீனி இறக்க முடியவில்லை. பண்ணைகள் சுருங்கின. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, உணவுப் பொருட்களில் 95 வீதம் அளவுக்குப் போனது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. முட்டைக்குக் கப்பல் பார்த்த நாட்டில் வீட்டுக்கு வீடு கோழி வளருங்கள் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள்.

நல்ல யோசனை. ஆனால் லயத்துக் கோழி தின்பது வீட்டில் மிஞ்சியதை. ரொட்டிக்கு மாவே எண்ணிப் போடுகிற வீட்டில் என்ன மிஞ்சும்? குஞ்சும் கூடும் கொடுக்கும் திட்டங்கள் எத்தனையோ வந்து போயின. வளர்ந்த சேவலை எங்கே, எப்படி விற்பது என்று திட்டத்தின் கடைசிப் பக்கத்தில்கூட எழுதியதில்லை. குஞ்சு கொடுக்கும் நாளில் படம் எடுக்கலாம். சேவல் விற்கும் நாளில் யார் வந்து படம் எடுப்பார்கள்?

சந்தை வந்தால் நோயும் வரும்

ஏலம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். பத்துத் தோட்டத்துக் கோழி ஓரிடத்தில் கூடினால் வெள்ளைக்கழிச்சலும் கூடும். ராணிக்கெட் என்கிறார்களே, அதுதான். ஒரு வாரத்தில் ஒரு லயத்தையே துடைத்துவிடும். சந்தையில் விலை படியாமல் திரும்பிப் போகும் சேவல்தான் மிகவும் ஆபத்தானது. அதை இரண்டு மூன்று வாரம் தனியாக அடைக்காமல் மற்றக் கோழியோடு விட்டால் வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. தடுப்பு மருந்து இல்லாமல் இல்லை. கன்னொருவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. பிரச்சினை என்னவென்றால், மருந்து நூற்றுக்கணக்கான கோழிக்கென்று குப்பியில் வருகிறது, குளிரில் வைக்க வேண்டும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் வீடு தனியாக அதை வாங்குவது நடக்காத காரியம். ஒரு லயமே சேர்ந்து ஒரே நாளில் போட்டால் நடக்கும். அதற்கு ஒரு கால்நடை வைத்திய அலுவலகமும் ஒரு மாதர் சங்கமும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஹட்டன் - டிக்கோயா நகரசபை ஞாயிறு சந்தையில் ஒரு மூலையைக் கோழிக்கென்று ஒதுக்கட்டும். கூரை போட்டு, கழுவி விடக்கூடிய சீமெந்துத் தரை போட்டு, முத்திரை குத்திய மின்தராசு ஒன்றை எல்லாரும் பார்க்கும் உயரத்தில் வைக்கட்டும். போன வாரம் கிலோ என்ன விலைக்குப் போனது என்று ஒரு பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதட்டும். தடுப்பு மருந்து போட்ட அட்டை உள்ள கோழிக்கு மட்டும் உள்ளே இடம். முதல் முயற்சியாகத் தீபாவளிக்கு முந்திய மூன்று ஞாயிறுகளில் கூவி ஏலம் விட்டுப் பார்க்கலாம். கூவத் தெரிந்த ஆட்களுக்குத் தோட்டத்துக் கோயில்களில் பஞ்சமில்லை. வியாபாரிக்கும் இதில் நட்டமில்லை. நாலு தோட்டம் ஏறி இறங்கும் பெற்றோல் மிச்சம்.

நகரசபை செய்யும்வரை வாங்குகிறவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. சாமான் நிறுக்கும் சின்னக் கொக்கித் தராசு ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிறது, சட்டைப் பையில் அடங்கும். இந்தத் தீபாவளிக்கு ஊர்ச்சேவல் வாங்கப் போகிறீர்களென்றால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்கிறவர் கண் முன்னால் சேவலைப் பையோடு தூக்கி நிறுத்து, பையின் எடையைக் கழித்து, கிலோவுக்கு என்று பேசிக் காசு கொடுங்கள்.